மோதிரம் எந்தக் கையில்?

தியோடர் ஷிமிக்குக்கு முழங்கால் வலித்தது. இடுப்புயரம்கூட இல்லாத நிலக்கரிப் படுகையில் பாதி ஆயுளை மண்டியிட்டே கழித்தவனுக்கு வலி வர வேறு இடம் தேவையில்லை. சாப்ஷே ஊரின் சுரங்கத்தை இழுத்து மூடிய பிறகு அவன் துப்பறியும் வேலைக்கு வந்துவிட்டான். முழங்கால் மட்டும் இன்னும் குழிக்குள்ளேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

கெரார்டின் புறாக் கொட்டகையில் உட்காருவதற்குக் கிடைத்ததும் ஒரு பீர் பெட்டிதான். தியோடர் மெதுவாக அதில் இறங்கினான்.

"முதலாளி, இப்ப ஒரு சத்தம் வந்துச்சே, அது பெட்டியா, காலா?" என்றாள் இர்மினா.

"கால்."

"அப்பப் பெட்டி நல்ல பெட்டிதான்."

இர்மினா பதினைந்து வருடம் டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். டிக்கெட் எடுக்காதவனை அவன் ஏறும்போதே கண்டுபிடித்துவிடுவாள். அந்தக் கண்ணுக்காகத்தான் தியோடர் அவளை உதவிக்கு வைத்துக்கொண்டான். வாயும் கூடவே வந்துவிட்டது.

தீவன மூட்டையின் மேல் ஒரு சின்ன டிவி. கெரார்ட் வி.சி.ஆரில் காசெட்டைத் தள்ளினார். சுரங்கத்துக்குச் சொந்தமாக சினிமா கிளப் இருந்த காலத்தில் அங்கே படம் ஓட்டியவர் அவர். இப்போது புறா வளர்க்கிறார். அவருக்குப் பின்னால், எதையும் தொடாமல், வெள்ளை ஷூவைக் காப்பாற்றிக்கொண்டு நின்றவன் செவெரின். கிராகோவ் நகரத்து வியாபாரி. பழைய படச்சுருள்களை வாங்கி விற்பவன். இந்த வழக்கைக் கொண்டுவந்தவனும் அவன்தான்.

படம் ஓடியது. சத்தம் இல்லை. மெழுகுத்துணி விரித்த ஒரு மேஜை. ஒரு பெண்ணின் இரண்டு கைகள். ஒரு பேசின் நிறைய உருளைக்கிழங்கு. கைகள் தோலுரித்தன. முகம் வரவேயில்லை. கத்தி பிடித்த இடது கையில் மோதிரம் இருந்தது. அதே கையின் சுண்டு விரல் மற்ற விரல்களோடு சேராமல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. அவ்வப்போது படம் ஒரு துள்ளு துள்ளும். ஒவ்வொரு துள்ளலுக்குப் பிறகும் கைகள் இன்னும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். கடைசியில் கத்தி நின்றது. விரல்கள் விரிந்தன. கத்தி நழுவி மேஜையில் விழுந்தது. அவ்வளவுதான்.

"தூங்கிட்டா," என்றாள் இர்மினா. அவள் குரலில் கிண்டல் இல்லை.

"இது எவால்ட் கொமோலாவோட முதல் படம்," என்றான் செவெரின். "பின்னால அவர் எடுத்த பரிசோதனைப் படமெல்லாம் மியூசியங்கள்ல இருக்கு. இது மட்டும் நாப்பது வருஷமா இந்த ஊர் கிளப் அலமாரியில தூங்கிச்சு. பார்த்தவங்க கொஞ்சம் பேர், பேசினவங்க ஆயிரம் பேர். இதுக்கு நெகட்டிவ் கிடையாது. காமிராவுக்குள்ள போன சுருளேதான் இது. உலகத்துல ஒண்ணே ஒண்ணு."

"எங்க மாமியார் மாதிரி," என்றாள் இர்மினா.

"அந்தத் துள்ளலைப் பார்த்தீங்களா? காலத்தையே வெட்டி வெட்டிப் போடுறார். அந்த வயசுலயே!"

கெரார்ட் ஒரு புறாவின் இறக்கையை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அது சாவி தீர்ந்துபோனது. எங்க கிளப் காமிராவுக்குக் கடிகாரம் மாதிரி சாவி கொடுக்கணும். அரை நிமிஷம் ஓடும், நிக்கும். திரும்பச் சாவி கொடுக்கணும்."

"தயவுசெஞ்சு இதை வெளிய சொல்லாதீங்க," என்றான் செவெரின்.

"சரி, எங்களுக்கு என்ன வேலை?" தியோடர் முழங்காலைத் தேய்த்தான்.

"மோதிரம் எந்தக் கையில இருந்துச்சு?"

"இடது கையில."

"நம்ம பக்கம் கல்யாண மோதிரத்தை எந்தக் கையில போடுவோம்?"

"வலது கையில."

"இடது கைக்கு எப்ப மாறும்?"

"புருஷன் செத்தா," என்றார் கெரார்ட்.

"அதேதான்! விதவை. கொமோலா வீட்டுக்கு எதிர்க் கட்டடத்துல இருந்த வாலெஸ்கா. அவ புருஷன் குழியில செத்தவன். எவால்ட் ராத்திரி அவ வீட்டு அடுப்படியில உட்கார்ந்து இதை எடுத்திருக்கார். ஊருக்கே தெரியும். படத்துக்குப் பேரே 'விதவையின் கைகள்'னு ஆயிடுச்சு. பாசெல் நகரத்துல ஒரு சேகரிப்பாளர் காத்துக்கிட்டிருக்கார். அவருக்குச் சுருள் மட்டும் போதாது, காதல் கதையும் வேணும். வாலெஸ்கா இப்ப இல்ல. எவால்டோட மனைவி ரோசாலியா இருக்காங்க. 'ஆமா, என் புருஷன் அவ வீட்டுலதான் கிடந்தார்'னு அவங்க வாயால ஒரு வார்த்தை வாங்கிக் கொடுங்க. நான் போனேன். கதவைத் திறக்கல."

"எவால்ட் என்ன சொன்னார்?"

"அவரா? எந்தப் பேட்டியில கேட்டாலும் கடைசி வரைக்கும் 'அது என் மனைவியோட கை'ன்னுதான் சொன்னார். என்ன பெருந்தன்மை பாருங்க! ஒருத்தனும் நம்பல. அதனாலதான் இவ்வளவு கிராக்கி."

தியோடர் கெரார்டைப் பார்த்தான். "முதல்ல ஓட்டினது நீங்கதானே?"

"நான்தான். கிளப் விழா அன்னிக்கு. எவால்ட் வரல, குழிக்குள்ள இருந்தான். ரோசாலியா முன்வரிசையில இருந்தா. நான் ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துட்டு நேரா மெஷின்கிட்ட வந்து நின்னேன். நின்னுக்கிட்டே தூங்கினேன்."

"தூங்கிட்டே படம் ஓட்ட முடியுமா?" என்றாள் இர்மினா.

"சத்தப் படம்னா முடியாது. அதுக்குப் பல்சக்கரம் மாட்டுற ஓட்டை ஒரு ஓரத்துலதான். தப்பா மாட்டினா கிழிச்சுக்கிட்டுக் கத்தும். ஊமைப் படம் சாது. ரெண்டு ஓரத்துலயும் ஓட்டை. எப்படி மாட்டினாலும் பேசாம ஓடிடும்." அவர் புறாவைக் கூண்டில் விட்டார். "மோதிரம் தெரிஞ்சதும் அரங்கம் மொத்தமும் திரும்பி ரோசாலியாவைப் பார்த்துச்சு. அவ எழுந்து போயிட்டா. காலையில எவால்ட் குழியிலேர்ந்து ஏறி வீட்டுக்குப் போறான், வாசல்ல அவன் பெட்டி. அன்னிக்கே வூட்ஜ் நகரத்துக்கு ரயில் ஏறினவன்தான். சுருளைத் திருப்பிக் கேட்கக்கூட இல்ல. ரோஷக்காரன்."

அவர் கொட்டகைக் கதவு வரை கூடவே வந்தார். செவெரினுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"தியோடர், அவ கதவைத் திறந்தான்னா இன்னொண்ணும் கேளு. எவால்ட் போன குளிர்காலத்துல செத்தான். அவ பக்கத்துல, குடும்பக் கல்லறையில வைக்கணும்னு சொல்லிட்டுச் செத்தான். கல்லறை அவ பேர்ல இருக்கு. அவ சரின்னு சொல்லாம யாரும் கல்லைத் தூக்க முடியாது. ரெண்டு தடவை போய்க் கேட்டேன். 'விதவை பக்கத்துல போட்டுக்கோ'ன்னு கதவைச் சாத்திட்டா. அவன் சாம்பல் வூட்ஜ்ல ஈமச்சடங்குக் கடை அலமாரியில, ஒரு சட்டியில இருக்கு. சகல புனிதர் திருநாள் வரைக்கும்தான் வெச்சிருப்பாங்களாம். அப்புறம் பொதுக்குழி."

ஊரே கல்லறைக்குப் போய் விளக்கேற்றும் சகல புனிதர் திருநாளுக்கு இன்னும் ஒரு வாரம்தான். வழியெல்லாம் செவ்வந்திச் சட்டிகளும் கல்லறை விளக்குகளும் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

வெளியே செவெரின் ஒரு காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான். புறா தன் வேலையை அந்த வெள்ளை ஷூவில் முடித்திருந்தது.

"இதுவும் உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான், துடைச்சிடாதீங்க," என்றாள் இர்மினா. காசெட்டையும் கெரார்டின் வி.சி.ஆரையும் ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

*

ரோசாலியா வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. அவள் முற்றத்தில் கரிக் கொட்டடிக்கு முன்னால் இரண்டு பக்கெட்டில் கரி அள்ளிக்கொண்டிருந்தாள். அறுபத்தைந்து வயது இருக்கும். சதுரமான உடம்பு, கையில் கரி படிந்த கையுறை. செங்கல் கட்டடம் மூன்று மாடி. லிஃப்ட் என்ற பேச்சே அந்தத் தெருவில் கிடையாது.

"முதலாளி, கதவு திறக்கிற சாவி அந்தப் பக்கெட்டுதான்," என்று முணுமுணுத்தாள் இர்மினா.

"ரெண்டா?"

"ஒண்ணு நான் தூக்குவேன். ஆனா எனக்குத் தோள்ல பை இருக்கே."

தியோடர் இரண்டையும் தூக்கினான். முதல் மாடியில் முழங்கால் எச்சரித்தது. இரண்டாவது மாடியில் கெஞ்சியது. மூன்றாவது மாடியில் அதற்குப் பேச்சு நின்றுவிட்டது.

ரோசாலியா பின்னால் ஏறி வந்தாள். "குழியில இருந்தவனா?"

"ஆமாம்மா."

"மண்டி போட்டு வேலையா?"

"ஆமா."

"மூச்சு வாங்குறதுலயே தெரியுது. உள்ள வந்து உட்காரு. அந்தக் கிராகோவ்காரன் அனுப்பினவன்தானே நீ? உட்கார்ந்துட்டுப் போயிடு. பேச ஒண்ணும் இல்ல."

அடுப்படி சூடாக இருந்தது. மெழுகுத்துணி விரித்த மேஜை, கரியடுப்பு, ஒரு டிவி. ஜன்னல் பக்கத்து ஆணியில் வட்டமான சவரக் கண்ணாடி. இர்மினாவின் கண் அங்கே போய் நின்றது.

"வீட்ல ஆம்பளை யாரும் இருக்காங்களாம்மா?"

"அது அவனோடது. நல்ல கண்ணாடி. அதுமேல எனக்கு என்ன கோபம்?"

கையுறையைக் கழற்றாமலே அவள் அடுப்பில் கரி போட்டாள். தியோடர் சுற்றி வளைக்கவில்லை. அதற்கு அவனிடம் தெம்பு இல்லை.

"கெரார்ட் அண்ணன் சாம்பலைப் பத்திச் சொன்னார்."

"சொல்லுவார். அவருக்கென்ன, புறாவெல்லாம் திரும்பி வந்துடுது." அடுப்புக் கதவை அவள் காலால் உதைத்துச் சாத்தினாள். "தம்பி, நாப்பது வருஷமா நான் கடைக்குப் போனா ரொட்டி விக்கிறவளுக்கும் என் கதை தெரியும். அவன் பேர் பேப்பர்ல வந்தா, பக்கத்துலயே அந்த விதவை பேரும் வரும். என் பேர் எங்கயும் வராது. இப்ப நான் செத்தப்புறமும் அவன் பக்கத்துல படுக்கணுமாம். கல்லுல எழுதிடலாமா, 'மத்தவ கையைப் படம் எடுத்தவன்'னு?"

"அவர் அது உங்க கைன்னு சொன்னாராமே."

"சொன்னான். பூட்டின கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு சொன்னான். 'ரோசா, அது உன் கைதான்'னு. நான் கேட்டேன், 'என் மோதிரம் வலது கையில இருக்குடா, உயிரோட இருக்கும்போதே என்னை விதவை ஆக்கிட்டியா'ன்னு. அதுக்குப் பதில் இல்ல. என்ன பேசுறேன்னே புரியாதவன் மாதிரி நின்னான். என்ன நடிப்பு! மோதிரத்தைக் கழட்டி ஜன்னல் வழியா எறிஞ்சேன். அப்புறம் எதிர்க் கட்டடத்துக்குப் போனேன்."

"வாலெஸ்காகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். பதிலும் சொன்னா." ரோசாலியா தன் இடது கன்னத்தைத் தொட்டாள். கன்னத்தில் கரிக்கோடு விழுந்தது. "இங்க. பல்லு ஒண்ணு ஆடிப்போச்சு."

தியோடர் நிமிர்ந்தான். "நேருக்கு நேரா நின்னா?"

"பின்ன முதுகைக் காட்டிக்கிட்டா அடிப்பா?"

"இர்மினா, எழுந்து அம்மாவுக்கு எதிர்ல நில்லு. அந்தக் கன்னத்துல அடிக்கிற மாதிரி கையை ஓங்கு."

"முதலாளி, நான் இங்க காப்பி கிடைக்கும்னு வந்தேன்." ஆனாலும் எழுந்து நின்றாள். ஓங்கினாள். ஓங்கியது வலது கை.

"என்ன தம்பி இது? நாப்பது வருஷம் கழிச்சுக் கேஸ் போடப் போறியா?"

"அடிக்கிறவ யோசிச்சு அடிக்க மாட்டா. எந்தக் கை பழக்கமோ அதுதான் வரும். வாலெஸ்கா வலதுகைக்காரி." தியோடர் மேஜையில் கிடந்த கத்தியை எடுத்தான். "இர்மினா, உன் மோதிரம்."

"அது இனிமே கழறாது. இருபது வருஷச் சதை."

ஊறுகாய் ஜாடியின் ரப்பர் வளையம் ஒன்று அகப்பட்டது. தியோடர் அதை இடது கை விரலில் மாட்டினான், கத்தியை வலது கையில் பிடித்தான். இரண்டு கைகளையும் மெழுகுத்துணிமேல் நீட்டினான்.

"இதுதான் வாலெஸ்கா உருளைக்கிழங்கு உரிக்கிறது. விதவை, அதனால மோதிரம் இடது கையில. வலதுகைக்காரி, அதனால கத்தி வலது கையில. மோதிரம் ஒரு கை, கத்தி ஒரு கை. சரியா? படத்துல எப்படி இருந்துச்சு இர்மினா?"

இர்மினா ஒரு நொடி கண்ணை மூடினாள். டிராமில் ஏறிய முகங்களை நினைவுக்குக் கொண்டுவரும்போது அப்படித்தான் மூடுவாள். "ரெண்டும் ஒரே கையில. மோதிரம் போட்ட கையிலதான் கத்தியும் இருந்துச்சு."

"அப்ப அது வாலெஸ்கா இல்ல. எல்லாரும் மோதிரத்தைப் பார்த்தாங்க. கத்தியை ஒருத்தரும் பார்க்கல."

"நானும் பார்க்கல," என்றாள் ரோசாலியா. "மோதிரம் கண்ணுல பட்டதுக்கு அப்புறம் எனக்கு ஒண்ணுமே தெரியல."

அடுப்பில் கரி ஒன்று வெடித்தது. தியோடர் அவள் முகம் இளகும் என்று காத்திருந்தான். அது இன்னும் இறுகியது.

"அப்ப வேற ஒருத்தி," என்றாள். "இடதுகைக்கார விதவை. இன்னொருத்தி! சுரங்கத்து ஊர்ல விதவைக்கா பஞ்சம்? நான் அறிவுகெட்டவ, ஒருத்தியோட போச்சுன்னு நாப்பது வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன்!"

இர்மினா தியோடரை முறைத்தாள். "நல்லாத் துப்பறிஞ்சீங்க முதலாளி. வரும்போது ஒரு விதவை. இப்ப ரெண்டு."

ரோசாலியா கையுறைகளைக் கழற்றி எறிந்தாள். கோபத்தை எதிலாவது காட்ட வேண்டியிருந்தது. பேசினை இழுத்தாள். மேஜையில் இருந்த கத்தியைப் பிடுங்கினாள். ஒரு உருளைக்கிழங்கை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். தோல் மெல்லிய நாடாவாக இறங்கியது.

தியோடருக்கு முழங்கால் வலி மறந்துபோனது.

கத்தி பிடித்திருந்த அவள் வலது கையின் சுண்டு விரல் மற்ற விரல்களோடு சேரவில்லை. தனியாக, நேராக நீட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, அந்த விரலுக்கு என்ன?"

"சலவைக்கூடத்துல வேலை பார்த்தப்ப துணி பிழியற உருளையில மாட்டிச்சு. கல்யாணத்துக்கு முன்னால. மடங்காது. ஏன்?"

இதே விரலைத் தியோடர் காலையில் பார்த்திருந்தான். ஆனால் அது இடது கையில் இருந்தது. இடது கையில் மோதிரம், இடது கையில் கத்தி, இடது கையில் மடங்காத விரல். தூங்கி வழிந்த ஒரு மனிதன். இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட ஒரு சாதுவான படம். எப்படி மாட்டினாலும் பேசாமல் ஓடிவிடும்.

"இர்மினா, காசெட்டைப் போடு."

"என் வீட்ல அது ஓடக் கூடாது," என்றாள் ரோசாலியா.

"நீங்க டிவியைப் பார்க்க வேண்டாம். டிவிக்கு முதுகைக் காட்டி உட்காருங்க." அவன் ஆணியிலிருந்து எவால்டின் சவரக் கண்ணாடியைக் கழற்றினான். அவளுக்கு முன்னால் மேஜையில் அதை நிறுத்தி, ரொட்டிப் பெட்டியில் சாய்த்து, கொஞ்சம் திருப்பினான். "இதைப் பாருங்க. இதுக்குள்ள மட்டும்."

அவள் மறுத்திருப்பாள். ஆனால் கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கு இருந்தது. அதை வைத்துவிட்டு எழுந்து போகும் பழக்கம் அவளுக்கு இல்லை.

கண்ணாடிக்குள் படம் ஓடியது. மெழுகுத்துணி. பேசின். இரண்டு கைகள். கண்ணாடியில் மோதிரம் வலது கைக்கு வந்திருந்தது. கத்தியும் வலது கைக்கு வந்திருந்தது. மடங்காத விரல் கத்தியின் பிடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

படத்திலிருந்த கை உருளைக்கிழங்கைத் திருப்பி, கத்தி முனையால் ஒரு கண்ணைக் குடைந்து எடுத்து, கட்டை விரலை ஏப்ரனில் துடைத்தது. மேஜையில் இருந்த கையும் அதே நேரத்தில் கட்டை விரலை ஏப்ரனில் துடைத்தது. ரோசாலியா அதைக் கவனித்தாள். தன் கையைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள்.

"கெரார்ட் அண்ணன் சுருளைப் பக்கம் மாத்தி மாட்டிட்டார்," என்றான் தியோடர். "ரெண்டு ஷிப்ட் பார்த்த கண்ணு. வலது இடதா மாறிப்போச்சு. அப்படியே சுத்தி அலமாரியில வெச்சாங்க, அப்படியே காசெட்லயும் ஏத்திட்டாங்க. எவால்ட் அன்னிக்கு அரங்கத்துல இல்ல. நீங்க எந்த மோதிரத்தைப் பத்திப் பேசுறீங்கன்னு அவருக்குப் புரிஞ்சிருக்காது. வெளிநாட்டுக்காரங்க பார்த்திருந்தா மோதிரத்தைக் கண்டுக்கவே மாட்டாங்க. அவங்க ஊர்ல அது இடது கையிலதான் இருக்கும். நம்ம ஊரு பார்த்ததாலதான் விதவை ஆச்சு."

ரோசாலியா கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"காமிராவுல சுருள் கிடையாதே," என்றாள்.

"என்னம்மா?"

"அந்தக் குளிர்காலம் முழுக்க அதை வீட்டுக்குத் தூக்கிட்டு வருவான். அடுப்பை எடுப்பான், பக்கெட்டை எடுப்பான், என்னை எடுப்பான். எல்லாம் வெறுங்காமிரா. பழகிக்கிறானாம். கிளப்புல வருஷத்துக்கு ஆளுக்கு ஒரு சுருள்தான் கொடுப்பாங்க. கர் கர்ருன்னு சத்தம் கேட்கும், நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். சலவைக்கூடத்துலேர்ந்து வந்து நிக்க முடியாம கிடப்பேன், இவன் காலிப் பெட்டியை வெச்சு விளையாடுறான்னு நினைப்பேன்." அவள் நிறுத்தினாள். "வருஷத்துக்கு ஒரு சுருள். அதைப் போய் இதுக்கா போட்டான்?"

கண்ணாடிக்குள் கத்தி நழுவி விழுந்தது. கைகள் விரிந்து கிடந்தன.

இர்மினா மூக்கை உறிஞ்சினாள். "கரித்தூசி," என்றாள் யாரும் கேட்காமலே.

அப்போது கதவு தள்ளப்பட்டது. செவெரின் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். ஒரு ஷூ வெள்ளை, ஒரு ஷூ பச்சை. "சொல்லிட்டாங்களா? விதவைதானே?"

தியோடர் இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னான். செவெரின் முகம் வெளுத்தது.

"சொந்தப் பெண்டாட்டியா?" என்றான். "சொந்தப் பெண்டாட்டி, உருளைக்கிழங்கு, அசதி! இதை நான் பாசெல்காரருக்கு எப்படிச் சொல்லுவேன்? பேரையே மாத்தணுமே! விதவை இல்லாம யார் வாங்குவா?"

"ஏன் கவலைப்படுறீங்க?" என்றாள் இர்மினா. "இன்னிக்கு அவங்க விதவைதானே."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். தியோடர் கண்ணை மூடிக்கொண்டான்.

ரோசாலியா சிரித்தாள். சின்னச் சிரிப்பு, இருமல் மாதிரி. பிறகு செவெரினைப் பார்த்துக் கத்தியை நீட்டினாள். "எவன் வாங்குறானோ அவன்கிட்ட சொல்லு. அது ரோசாலியா கொமோலாவோட கை. பேரைச் சரியா எழுதச் சொல்லு. சரியான பக்கத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்லு. இப்ப கீழ இறங்கு. தரையில புறா எச்சம்."

செவெரின் இறங்கினான். மரப்படிகளில் அவன் போவது கடைசி வரை கேட்டது.

இர்மினா வி.சி.ஆரைப் பையில் வைத்தாள். தியோடர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முழங்கால் திரும்ப வந்துவிட்டது. கண்ணாடியை எடுத்து அதன் ஆணியில் மாட்டினான்.

"கெரார்ட் அண்ணனுக்கு என்ன சொல்லட்டும்?"

"அவரை நேர்ல பார்த்து நான் சொல்லிக்கிறேன், நிறைய இருக்கு." அவள் அடுத்த உருளைக்கிழங்கை எடுத்தாள். உரிக்கவில்லை, கையில் வைத்திருந்தாள். "அவனைக் கொண்டு வரச் சொல்லு. சகல புனிதர் திருநாளுக்கு முன்னாடியே. இடம் இருக்கு."

தியோடர் தலையாட்டினான். கதவு வரை போய்விட்டான்.

"தம்பி."

திரும்பினான்.

"அந்த ராத்திரி எனக்கு ஞாபகம் இருக்கு. இதே மேஜையில முழிச்சேன். விடிஞ்சிருந்தது. பேசின்ல மிச்சம் இருந்த உருளைக்கிழங்கு எல்லாம் உரிச்சிருந்துச்சு. தோல் ஒவ்வொண்ணும் விரல் தடிமன். ஆம்பளை உரிச்சது. பாதிக் கிழங்கு தோலோட போச்சேன்னு வந்ததும் வராததுமா அவனைத் திட்டினேன். சமைக்க நேரம் இருந்திருக்காது. என்னை எழுப்பவும் இல்ல. பட்டினியாத்தான் குழிக்குள்ள இறங்கியிருக்கான்."

இர்மினா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

ரோசாலியா கத்தியைக் கிழங்கில் வைத்தாள். மடங்காத விரல் நீட்டிக்கொண்டு நின்றது.

"ஒரு வேளைச் சாப்பாடு," என்றாள். "ஒரு தட்டு உருளைக்கிழங்கு. அது இன்னும் நான் அவனுக்குப் பாக்கி."